இரண்டு வாய்க்கால், ஒரு மடை: பிடிவாதக்கார வயிற்றோடு குடித்தனம் நடத்துவது எப்படி?

பித்தப்பையை எடுத்தாகிவிட்டது. உள்ளே இருந்த கல்லைச் சின்ன டப்பாவில் போட்டுக் கையிலும் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் வலது விலாவுக்குக் கீழே அவ்வப்போது முறுக்கிப் பிடிக்கிறது. போதாக்குறைக்குக் கணையமும் நாள்பட்டுக் கெட்டிருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. ஒரு டாக்டர், "பேங்க்ரியாஸை ஜாக்கிரதையா பாத்துக்கணும்" என்கிறார். இன்னொருவர், "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தானேம்மா" என்கிறார். பெரியம்மாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை: "எல்லாம் மனசுதான்டி."

இந்தக் கையேடு உங்களுக்காக எழுதப்பட்டது. நோயைக் குணப்படுத்துவது இதன் வேலை இல்லை. அதற்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். நோயாளி உத்தியோகத்தைச் செவ்வனே பார்ப்பது எப்படி என்பதுதான் பாடம். வலியைத் தாங்குவது அந்த உத்தியோகத்தில் கால்வாசி வேலை. வலிக்கிறது என்று நாலு பேரை நம்பவைப்பது மீதி முக்கால்வாசி.

படி 1: வயிற்றின் பாசனத் திட்டத்தை மனப்பாடம் செய்யுங்கள்

இனிமேல் பார்க்கிறவர்களுக்கெல்லாம் நீங்கள்தான் வகுப்பு எடுக்கப்போகிறீர்கள். அதனால் பாடம் சுத்தமாக இருக்க வேண்டும்.

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் குறுக்கே படுத்திருக்கும் கணையம் சுமார் 15 சென்டிமீட்டர் நீளம்தான். அது ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் செரிமான நீர் சுரக்கிறது. இரண்டும் தனித்தனி வாய்க்காலில் வந்து, முன்சிறுகுடலின் சுவரில் கூடி, ஒரே மடை வழியாகக் குடலில் பாய்கின்றன. அந்த மடையைச் சுற்றியிருக்கும் வளையத் தசைக்கு ஒடி சுருக்குத்தசை என்று பெயர்.

கொழுப்புள்ள சாப்பாடு குடலுக்குள் வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் போய்ச் சேதி சொல்லும். பித்தப்பை சுருங்கும், மடை திறக்கும். பித்தப்பையை எடுத்தவர்களுக்கு நீரைத் தேக்கிவைக்கக் குளம் கிடையாது. மடைக்காரர் அந்த நேரம் பார்த்துப் பிடிவாதம் பிடித்துக் கதவைச் சாத்தினால் குழாயில் அழுத்தம் ஏறும். அதுதான் வலி. பித்தக் குழாய்ப் பக்கம் சாத்தினால் கல்லீரல் நொதிகள் ரத்தத்தில் எகிறலாம். கணையப் பக்கம் சாத்தினால், ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் கணையம் இன்னும் கொதிக்கலாம்.

இந்தப் பகுதியில் கை வைத்த பெரிய மனிதர்களுக்கும் சுகப்படவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் ஒரு ஆறுதல். கணையக் குழாயை 1642இல் இத்தாலியின் பதுவா நகரில் கண்டுபிடித்தவர் யோஹான் கியோர்க் விர்சுங். தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலை அறுத்தபோது கண்ணில் பட்டது. மறு வருடமே ஒரு இரவு அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சுருக்குத்தசைக்குத் தன் பெயரைக் கொடுத்த ருஜ்ஜேரோ ஒடி, 1887இல் அதை விவரித்தபோது மாணவர், வயது 23. பிறகு ஜெனோவாவில் உடலியங்கியல் துறைக்குத் தலைவரானார். போதைமருந்துப் பழக்கத்தாலும் பணக் கணக்குக் குளறுபடியாலும் 1900இல் அந்தப் பதவி போயிற்று. காங்கோவில் மருத்துவராகப் போய்ச் சேர்ந்தார், 1913இல் இறந்தார். அபினிலிருந்து வரும் மார்ஃபின் வகை மருந்துகள் இறுக்கிப் பிடிக்கவைக்கும் தசைகளில் ஒன்று எது தெரியுமா? ஒடி சுருக்குத்தசை.

படி 2: வலி வந்ததும் வீட்டு வைத்தியத்துக்கு வழிவிட்டு நில்லுங்கள்

வலியின் லட்சணம் இது. நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழேயோ தொடங்கும். ஏறி ஏறி ஒரு நிலைக்கு வந்து, அரைமணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் நிற்கும். ஏப்பம் விட்டாலும் போகாது, கழிப்பறைக்குப் போய்வந்தாலும் குறையாது, அமிலம் குறைக்கும் மாத்திரைக்கும் மசியாது. கணையமும் சேர்ந்துகொண்டால் முதுகுக்கு ஊடுருவும். மல்லாந்து படுக்க விடாது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. ராத்திரி இரண்டு மணிக்குக் கூடத்தில் இந்தக் கோலத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து வீடு ஒருமனதாகச் சொல்லும்: "கேஸ்தான்."

இந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. ஓமத் தண்ணீர் வரும். பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவார்கள். யாராவது ஒருவர் சோடா வாங்கக் கிளம்புவார். அந்த நேரத்தில் கடை இருக்காது என்று இன்னொருவர் தடுப்பார். அவர்கள் இருவரும் வாசலில் நின்று விவாதிப்பார்கள். "வெறும் வயித்தோட கெடந்தா இன்னும் ஏறும், ரெண்டு இட்லி சாப்பிடு" என்று அத்தை தட்டோடு வருவார். எல்லாவற்றையும் கும்பிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். இட்லியை மட்டும் தள்ளிவையுங்கள். பிடிப்பு உச்சத்தில் இருக்கும்போது சாப்பாடு போனால் மடையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் முட்டும்.

மருந்துப்பெட்டியில் பழைய மாத்திரை ஏதாவது இருக்கும். தசைப் பிடிப்பைத் தளர்த்தும் டிரோடாவெரின், டைசைக்ளோமின், ஹையோசின் போன்றவற்றை டாக்டர் உங்களுக்கென்று எழுதிக் கொடுத்திருந்தால் அவர் சொன்ன அளவில் போடலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாதவிலக்கு வலிக்குக் கொடுத்த மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் மெஃபெனமிக் அமிலமும் இருக்கும். அதனால் சிலருக்கு உடலெங்கும் கடுமையான ஒவ்வாமை வரக்கூடும் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023இல் எச்சரிக்கையே விட்டது. இருமலுக்குக் கோடீன் கலந்த சிரப் குடிக்கும் வழக்கம் இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் மார்ஃபின் குடும்பம்தான். இருமல் நின்று வயிறு பிடித்துக்கொண்ட கதைகள் உண்டு.

படி 3: அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்துகொள்ளும் முறை

முதல் விதி: முடிந்தவரை காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் வலி வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல் ஆகிய நாட்களில் வலிக்கவே கூடாது.

உள்ளே போனதும் இசிஜி எடுப்பார்கள். "வயிறு வலிக்குதுன்னா நெஞ்சுல ஒயர் மாட்டுறாங்களே" என்று கோபப்படாதீர்கள். மாரடைப்பும் நெஞ்சுக்குழியில் வலியாக வரும்; அவர்கள் செய்வது சரி. அடுத்து ஒரு அமிலத்தடுப்பு ஊசி. அடுத்து ரத்தம்.

ரத்தப் பரிசோதனையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கணையம் கொதித்தால் அமிலேஸ், லைபேஸ் என்ற நொதிகள் ரத்தத்தில் மூன்று மடங்குக்கு மேல் ஏற வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அது திடீரென்று வரும் அழற்சிக்கு. வருடக்கணக்கில் புண்பட்டுத் தழும்பேறிப்போன கணையத்தில் நொதி சுரக்கும் செல்களே குறைந்துவிட்டிருக்கும். எவ்வளவு வலித்தாலும் அளவு ஏறாமல் போகலாம். டியூட்டி டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "அமிலேஸ் நார்மல்." உங்கள் மாமா திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையில், ஆட்டோவுக்குக் கொடுத்த காசு தெரியும்.

அப்போது அமைதியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "லிவர் எஞ்சைமும் பார்த்தீங்களா டாக்டர்?" மடை பிடித்துக்கொண்டால் கல்லீரல் நொதிகள் சில மணி நேரத்தில் ஏறி, வலி விட்டதும் ஓரிரு நாளில் இறங்கிவிடக்கூடும். நாலு நாள் கழித்து நல்ல உடம்போடு போய்ச் சோதித்தால் எல்லாம் சாதுவாக இருக்கும். வலி வந்த அன்று எடுத்த ரிப்போர்ட், வலி இல்லாத நாளில் எடுத்த ரிப்போர்ட், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கதை தெரியும். அவற்றை ஒரே ஃபைலில் தேதிவாரியாக வைத்திருங்கள். இந்த நோயில் உங்களுக்காகச் சாட்சி சொல்லக்கூடியது அந்த ஃபைல் மட்டும்தான்.

வலி மருந்து கேட்கும் கலை தனி. அலங்காரமாகப் போனால், "பாத்தா வலிக்கிற மாதிரி தெரியலையே" என்பார்கள். அழுதுகொண்டே போனால், "ரொம்ப டென்ஷன் பார்ட்டி" என்று எழுதிக்கொள்வார்கள். போன தடவை எந்த ஊசியில் கேட்டது என்று சொன்னால் புருவம் உயரும். சொல்லாவிட்டால் கேட்காத ஊசியையே மறுபடி போடுவார்கள். பேப்பர் பேசட்டும், நீங்கள் பேச வேண்டாம். முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டுங்கள். கணைய வலிக்குச் சில சமயம் வீரியமான மருந்து தேவைதான். மார்ஃபின் வகை என்றாலே ஓட வேண்டியதில்லை. 'எனக்குச் சுருக்குத்தசைப் பிடிப்பும் உண்டு' என்று சொல்லிவிட்டு, எதைக் கொடுப்பது என்ற முடிவை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

படி 4: நீங்கள் குடிக்காதவர் என்பதை நிரூபியுங்கள்

கணைய அழற்சி என்று சொன்னதுமே ஊர் முகத்தில் ஒரு புன்னகை வரும். ஆணாக இருந்தால், "எவ்வளவு நாளா?" என்று கேட்பார்கள். எதை என்று கேட்டால், "சும்மா சொல்லுங்க, நம்மகிட்ட என்ன" என்பார்கள். பெண்ணாக இருந்தால் வாயால் கேட்க மாட்டார்கள். உங்கள் கணவரை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

மது முக்கியமான காரணம்தான், மறுப்பதற்கில்லை. புகைப்பிடிப்பது குடியோடு சேராமல் தனியாகவே கணையத்தைக் கெடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் தென்னிந்தியாவில் மதுவின் வாசனையே அறியாத பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் கணையத்தில் கல் சேர்ந்து, சர்க்கரை நோயில் கொண்டுபோய் விடும் ஒரு வகை நெடுங்காலமாக இருக்கிறது. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர். இந்தோனேசியாவில் சுய்டெமா என்பவர் 1959இல் இதைப் பற்றி எழுதினார். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைப் பார்த்து, 1968இல் ஒரு புத்தகமே போட்டார். மரவள்ளிக் கிழங்கு மேல் ரொம்ப நாள் பழி விழுந்தது. பிற்காலத்து ஆய்வுகளில் அது நிரூபணமாகவில்லை. ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இந்த நோயாளிகள் பலரிடம் இருப்பது இப்போது தெரிந்திருக்கிறது.

இதை எல்லாம் கல்யாண மண்டபத்தில் நின்றுகொண்டு விளக்க முடியாது. அதனால் ஒற்றை வரி ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "பரம்பரைக் கோளாறு அண்ணே." பரம்பரை என்றதும் கேட்டவருக்குத் தன் சொந்த வியாதி ஞாபகம் வந்துவிடும். பிறகு அவர்தான் பேசுவார்.

படி 5: கத்தியைப் பார்த்ததும் கழுத்தை நீட்டாதீர்கள்

வலி தாங்காதவருக்கு, 'ஒரு சின்ன கட் பண்ணிவிட்டா சரியாப்போயிடும்' என்பது தேன் போன்ற வாக்கியம். வாய்வழியாகக் குழாய் விட்டு மடைத்தசையை அறுத்துவிடும் சிகிச்சை 1974இலிருந்து இருக்கிறது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தொடங்கினார்கள். பித்தக் குழாய்க் கல்லை எடுக்க அது பெரிய வரம்.

மடைப் பிடிப்புக்கு அது எவ்வளவு உதவும் என்பது நீங்கள் எந்த ரகம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் மில்வாக்கியில் ஹோகனும் கீனனும் 1988இல் மூன்று ரகமாகப் பிரித்தார்கள். வலி, ஏறிய கல்லீரல் நொதி, விரிந்த பித்தக் குழாய் எல்லாம் சேர்ந்திருந்தால் முதல் ரகம். வலியோடு மற்றவற்றில் ஏதாவது இருந்தால் இரண்டாம் ரகம். வலி மட்டும் இருந்து, மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தால் மூன்றாம் ரகம். முதல் ரகத்தில் பெரும்பாலோருக்கு அறுவை பலன் தரும். இரண்டாம் ரகத்தில் தசையின் அழுத்தத்தை அளந்து, 40 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் இருந்தால் அறுப்பார்கள்.

மூன்றாம் ரகத்தாருக்கு நடந்த கதை சுவாரஸ்யமானது. பித்தப்பை எடுத்த பிறகும் வலியால் தவித்த 214 பேரை அமெரிக்காவில் ஒரு ஆய்வுக்கு எடுத்தார்கள். 141 பேருக்கு உண்மையிலேயே தசையை அறுத்தார்கள். 73 பேருக்குக் குழாயை உள்ளே விட்டு, ஒன்றும் அறுக்காமல் வெளியே எடுத்துவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளிடம் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், அறுத்தவர்களில் 23 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். அறுக்காமல் விட்டவர்களில் 37 சதவீதம் பேர். 2014இல் முடிவு வெளியானது. 2016இல் நிபுணர்கள் கூடி, மூன்றாம் ரகம் என்ற பெயரையே கைவிட்டார்கள். அறுவைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அது பெரிய காப்பு.

இன்னொரு தகவலும் வேண்டும். அந்தக் குழாய்ச் சிகிச்சையான ஈஆர்சிபியே கணைய அழற்சியைக் கொண்டுவந்துவிடலாம். மடைப் பிடிப்பு இருப்பதாகச் சந்தேகப்படுபவர்களுக்கு ஆபத்து கூடுதல். அதற்கு ஒரு மலிவான தடுப்பு உண்டு: இண்டோமெத்தசின். 2012இல் வந்த ஆய்வில், அதைக் கொடுத்தவர்களிடம் அழற்சி 16.9 சதவீதத்திலிருந்து 9.2 ஆகக் குறைந்தது. மருந்து ஆசனவாய் வழியாக வைக்கப்படும். உங்களைக் காப்பாற்றியது எது என்று உறவினர்கள் கேட்டால், "கடவுள்" என்று சொல்லிவிடுங்கள்.

கத்தியே ஆகாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கணையக் குழாய்க்குள் கல் அடைத்துக்கொண்டு வீங்கியிருந்தால் கணக்கே வேறு. அதிர்வலையால் கல்லைத் தூளாக்கலாம். அறுவை சிகிச்சையும் செய்யலாம். குழாய் விரிந்து, வலி முற்றியவர்களில் 88 பேரிடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. எண்டோஸ்கோப்பியில் தொடங்கி இழுத்தடித்தவர்களைவிட, சீக்கிரமே அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: என் வலி மடையிலா, கணையத்திலா? ஸ்கேனிலோ ரத்தத்திலோ அதற்கு ஆதாரம் என்ன? காயப்படுத்தாமல் பார்க்கும் எம்ஆர்சிபி, எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் இரண்டையும் முடித்துவிட்டோமா? இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டர் கிடைத்தால், அவர் எந்த ஊரில் இருந்தாலும் பஸ் ஏறிப் போகலாம்.

படி 6: பந்தியில் உட்காரும் விதம்

கெட்டுப்போன கணையம் கொழுப்பைச் செரிக்கப் போதுமான நொதி தராது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும், எடை இறங்கும். "ஆளு ஸ்லிம்மாயிட்டீங்க, என்ன டயட்?" என்று கேட்பார்கள். மலத்தில் எலாஸ்டேஸ் அளவு பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. ஒரு கிராமில் 200 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் சந்தேகம். மாதிரியைக் கொண்டுபோகும் டப்பாவை டிபன் டப்பா வைக்கும் பையில் வைக்காதீர்கள்.

மருந்து, நொதி மாத்திரைதான். பெரிய சாப்பாட்டுக்கு வழக்கமாக 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ். சிற்றுண்டிக்கு அதில் பாதி. ஆளுக்கு ஏற்ப டாக்டர் கூட்டிக் குறைப்பார். சாப்பாட்டுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. சாப்பாட்டோடு போக வேண்டும். முதல் கவளத்தோடு ஒன்று, பந்தி நீண்டால் நடுவில் ஒன்று. மெல்லக் கூடாது, சூடான ரசத்தில் கரைக்கவும் கூடாது. இலை போட்டு, உப்பு வைத்து, பருப்பும் நெய்யும் விழுந்து, பக்கத்தில் இருப்பவர் பிசையத் தொடங்கும் அந்த விநாடியில் சட்டைப் பையிலிருந்து கேப்சூலை எடுத்து வாயில் போட வேண்டும். எதிர் வரிசையில் இருப்பவர் பார்த்துவிடுவார். "சுகரா?" என்பார். ஆமாம் என்று தலையாட்டுங்கள். பாயசம் உங்கள் இலையைத் தாண்டிப் போய்விடும். அதுவும் நல்லதுக்கே.

சைவ வீட்டில் இன்னொரு சிக்கல். இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. மாமியார் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"இது என்ன மாத்திரைம்மா, மீன் எண்ணெயா?"

"ஜீரண மாத்திரை அத்தை."

"அப்ப எனக்கும் ஒண்ணு குடேன், ராத்திரி சாப்ட்ட அடை நெஞ்சுலயே நிக்குது."

பாட்டிலை அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள். மத நம்பிக்கையால் உங்களுக்கே தயக்கம் இருந்தால் டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதுதான் தவறு.

கொழுப்பை அடியோடு நிறுத்துவது பழைய வைத்தியம். ஏற்கெனவே இளைத்துக்கொண்டிருப்பவர் ரசம் சாதமும் மோரும் மட்டும் சாப்பிட்டு எலும்பும் தோலுமாக ஆனதுதான் கண்ட பலன். இப்போதைய வழிகாட்டுதல், நொதியைச் சரியான அளவில் போட்டு வழக்கமான சத்துள்ள சாப்பாட்டைச் சாப்பிடச் சொல்கிறது. அதே சமயம், ஒரே வேளையில் நிறைய எண்ணெய் போனால் மடைக்காரருக்குக் கோபம் வரலாம். இரண்டுக்கும் பொதுவான சமாதானம் ஒன்றுதான்: கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு வேளையாகச் சாப்பிடுவது. பால் நிறைய ஊற்றிய காபியிலும் கொழுப்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம். மது, புகை இரண்டும் முழுப் பூஜ்யம். அதில் சமாதானம் கிடையாது.

படி 7: மாத்திரைச் சீட்டை உறவினர் கண்ணில் காட்டாதீர்கள்

நாள்பட்ட வலி நரம்புகளையே மாற்றிவிடும். புண் ஆறினாலும் நரம்பு பழைய வலியையே சொல்லிக்கொண்டிருக்கும். அதை அடக்க ப்ரீகாபலினோ, சிறிய அளவில் அமிட்ரிப்டிலினோ எழுதுவார்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்து. மருந்துக்கடைத் தம்பியிடமிருந்து இந்தச் செய்தி பெரியம்மாவுக்குப் போகும். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பார். அவரோடு வாதாடாதீர்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்குங்கள். அது தூக்கத்தையும் தரும்.

மற்ற கணக்குகளையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வலி எப்போது வந்தது, முன்னால் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் நின்றது, எந்த மருந்துக்குக் கேட்டது, அன்று சிறுநீர் என்ன நிறம். மாதம் ஒருமுறை எடை. கணையம் கெட்டால் இன்சுலினோடு, சர்க்கரையை ஏற்றும் குளூககானும் குறையும். அதனால் இந்த வகைச் சர்க்கரை நோயில் அளவு திடீரென்று தாழ்ந்துபோகும் ஆபத்து அதிகம். பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறைந்து எலும்பு மெலியலாம். வைட்டமின் டி அளவையும் எலும்பின் திண்மையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 8: கிண்டலைச் சற்று நேரம் நிறுத்துங்கள்

வலியோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்து கண் மஞ்சளித்தால் பித்தக் குழாயில் கிருமித் தொற்றாக இருக்கலாம். அது சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக்கொண்டு உட்கார நேரமில்லை. நிற்காத வாந்தி, மயக்கம், கறுப்பாக மலம் போவது, வழக்கமான வலி வழக்கத்தைவிடப் பல மடங்காக அடிப்பது, இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். காரணம் தெரியாமல் எடை தொடர்ந்து இறங்கினாலும், புதிதாகச் சர்க்கரை வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம். நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

இணைப்பு: வீட்டாருக்கு

இந்தக் கையேட்டை நோயாளி படித்து முடித்ததும் நீங்களும் வாங்கிப் படியுங்கள். அவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். 'நார்மல்' என்று ரிப்போர்ட்டில் இருப்பதற்கு, அந்தப் பரிசோதனையில் ஒன்றும் அகப்படவில்லை என்பது மட்டுமே பொருள். வலி இல்லை என்று எந்த ஆய்வகமும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில்லை. அடுத்த தடவை ராத்திரி அவர் குனிந்து உட்கார்ந்தால், 'கேஸ்தான்' என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். காய்ச்சல் இருக்கிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு கூடப் போங்கள். அவர் சொல்வதை முதல் தடவையிலேயே நம்புங்கள்.